அடியில் ஒரு தேதி

டொங்காட் கிளினிக்கின் பின்னறையில்
பிரிண்டர் மறுபடி இழுத்து இழுத்து மூச்சு விடுகிறது.
கறுப்பு மை தீர்ந்துபோனதால்
நான்காம் பதிப்பு நீலத்தில் வருகிறது.
மூன்றாம் பதிப்பைச் சுவரில் ஒட்டிய பசை
இன்னும் சரியாகக் காயவில்லை.

காலை ஏழு மணிக்குள்
என் கைப்பேசியில் பதினோரு வைத்தியர்கள்.
இஞ்சியைக் கொதிக்கவை.
பத்து நொடி மூச்சை அடக்க முடிந்தால் உனக்கு ஒன்றுமில்லை.
யாரோ பேராசிரியராம், குரல் மட்டும் வருகிறது,
ஊர் இல்லை, பேர் இல்லை,
என்றைக்குச் சொன்னார் என்பதும் இல்லை.
ஒருவருக்காவது
ஒரு சொல் தடுமாற வேண்டுமே.

நொம்வூலா எந்தத் தாளையும்
கடைசியிலிருந்துதான் படிப்பாள்.
யார் எழுதியது, எப்போது,
எதைப் பார்த்துச் சொல்கிறார்கள்,
தெரியாததைத் தெரியாது என்று
எங்கேயாவது ஒத்துக்கொண்டிருக்கிறார்களா.
அது இல்லாத தாளை நாலாக மடித்து
ஆடுகிற கதவுக்கு அண்டக் கொடுப்பாள்.

'நோயாளியைத் தனியறையில் வைக்கவும்.'
ஹம்பனாத்தியில் ஓரறையில் எட்டுப் பேர்.
எனவே ஜன்னல், எனவே தலைமாடு கால்மாடு மாற்றிப் படுப்பது,
எனவே அடுத்த வீட்டில் இரவல் கேட்ட ஒரு திரை.
தாள் சொன்னதற்கும் வீடு தாங்குவதற்கும் நடுவே
நாங்கள் இருவரும் பென்சிலால் எழுதிக்கொண்டோம்,
அதற்கும் தேதி போட்டு.

இன்று பத்தொன்பதாம் பக்கம் வந்தபோது
பிரிண்டரிலிருந்து நான் உருவவில்லை.
அப்படியே குனிந்து படித்தேன்.
உடலைப் பிளாஸ்டிக்கில் சுற்ற வேண்டியதில்லை.
குடும்பத்தார் தள்ளி நின்று
முகத்தைப் பார்க்கலாம்.

ஆறு வாரத்துக்கு முன்
இரண்டாம் பதிப்போடு
பிணவறை வாசலில் நின்றவள் நான்.
கோகிலாம்பாள் படையாச்சி
ரொட்டிப் பையில் வாய்க்கரிசி கொண்டுவந்திருந்தார்.
"எந்த ரூல்? படிச்சுக் காட்டு."
படித்தேன்.
பையின் வாயை ஒரு முடிச்சு, இன்னொரு முடிச்சு போட்டுக்
கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

இந்தப் பக்கத்தை யாரும் அவருக்குக் காட்டச் சொல்லவில்லை.
எந்தச் சுற்றறிக்கையிலும் அது இல்லை.
வேலை முடிந்ததும் ஃபேர்பிரீஸுக்குப் போனேன்.
கரும்பு லாரி ஒன்று வழிமுழுக்க முன்னால் ஊர்ந்தது,
முந்திப் போக எனக்கும் அவசரமில்லை.

கேட்டுக்கு வெளியே நான். உள்ளே அவர்.
பத்தொன்பதாம் பக்கத்தைப் படித்தேன்.
"என்ன தேதி?"
சொன்னேன்.
விரலை மடக்கினார், பாதியில் விட்டுவிட்டார்.
"அப்போ அன்னைக்கு உங்களுக்குத் தெரியாது."
தெரியாது.
"அது அந்தத் தாள்ல எழுதியிருந்துச்சா?"

எழுதியிருந்தது.
பக்கத்தின் அடியில், எறும்பு அளவில்:
சான்று போதவில்லை, முன்னெச்சரிக்கையாக மட்டும்,
இது மாறக்கூடும்.

"அதை ஏன் எனக்குப் படிக்கலே?"

நாய் குரைத்தது. ஆலையின் சங்கு ஊதியது.
என் முகக்கவசம் உள்ளே நனைந்திருந்தது.
வாசல் கூட்டம், பின்னால் அடுத்த வண்டி, நேரமில்லை என்று
சொல்ல வாய் எடுத்தேன்.
அதிகாரமாக நின்றால்தான் நம்புவார்கள் என்று நினைத்தேன்,
என்று வந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
தாளை வாங்கவும் இல்லை.
உள்ளே திரும்பும்போது மட்டும்,
"அஞ்சாவது வந்தா அதையும் கொண்டாந்து படி."

மறுநாள் வரிசை தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி நின்றது.
ஒன்றரை மீட்டருக்கு ஒரு சுண்ணாம்பு வட்டம்,
ராத்திரி மழையில் பாதி அழிந்தவை.
நாற்காலி மேல் ஏறி நான் தமிழிலும் ஆங்கிலத்திலும்,
கீழே நின்று நொம்வூலா ஜூலுவிலும்
நீலத் தாளைப் படித்தோம்,
எறும்பெழுத்திலிருந்து தொடங்கி.
இன்ன தேதிவரை தெரிந்தது இது.
இன்னும் தெரியாதது இது.
யாரோ இருமினார்.
ஒரு பெண் தன் வட்டத்தைக்
காலால் தேடி நகர்ந்து நின்றாள்.